ஃபேன்டஸி கிரிக்கெட்: முந்தைய ஆட்டத்தில் சதமடித்தவரையே கேப்டனாக்கலாமா?

கேள்வி: நிஜ ஆட்டங்களில் ஆடும் வீரர்களைக் கொண்டு நாமே ஓர் அணியை அமைத்து, அவர்களின் ஆட்டத்துக்கேற்பப் புள்ளிகள் பெறும் ஃபேன்டஸி கிரிக்கெட்டை நண்பர்களுடன் ஆடுகிறேன். முந்தைய ஆட்டத்தில் அதிக ஓட்டங்கள் எடுத்தவரையே கேப்டனாக்குகிறேன். ஆனாலும் கடைசி இடம்தான் கிடைக்கிறது. 'வெற்றி உறுதி' என்று அணிப் பட்டியல் தரும் ஒரு குழுவில் பணம் கட்டிச் சேரலாமா?

பதில்: சேராதீர்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன் உங்கள் கேப்டன் தேர்வைப் பார்த்துவிடுவோம்.

இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பவை 120 பந்துகள். அவற்றில் உங்கள் வீரருக்கு எத்தனை வரக்கூடும் என்பதே முதல் கேள்வி. ஆறாவதாக இறங்குபவர் எவ்வளவு புகழ்பெற்றவராயினும், முன்வரிசை நிலைத்து ஆடும் நாளில் 16 ஓவர்கள் முடிந்த பிறகு வந்தால், மிச்சமிருக்கும் 24 பந்துகளையும் எதிர்முனையில் நிற்பவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். கேப்டனுக்குப் பெரும்பாலும் இரு மடங்குப் புள்ளிகள் கிடைப்பதால், முதல் மூன்று இடங்களில் ஆடுபவரையோ, முன்வரிசையில் ஆடி, ஒரு பந்துவீச்சாளருக்கு அனுமதிக்கப்பட்ட நான்கு ஓவர்களையும் வீசுபவரையோ கேப்டனாக்குங்கள். பந்துவீச்சாளர்களில், மட்டையாளர்கள் எதையும் தூக்கியடிக்க முயலும் கடைசி ஓவர்களை வீசுபவருக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆல்ரவுண்டர் என்ற முத்திரையை நம்பாதீர்கள். பல ஆட்டங்களாகப் பந்தே வீசாதவரைக்கூட ஃபேன்டஸி தளங்கள் அந்தப் பிரிவிலேயே வைத்திருக்கின்றன. இதைத் திருத்துவதற்கு அவர்களுக்கு எத்தனை காலம் வேண்டுமோ தெரியவில்லை.

டாஸுக்குப் பின் பதினொருவர் பட்டியல் வெளியானதும், அதில் இல்லாதவரை நீக்கிவிடுங்கள். ஐபிஎல் இதற்கு விதிவிலக்கு. ஆட்டத்தின் நடுவே ஒரு வீரருக்குப் பதில் வேறொருவரை இறக்க அனுமதிக்கும் இம்பாக்ட் பிளேயர் விதி அங்கே 2023 முதல் இருப்பதால், பதினொருவரோடு ஐந்து மாற்று வீரர்களின் பெயர்களும் தரப்படுகின்றன. முதலில் பந்துவீசும் அணி கூடுதல் பந்துவீச்சாளரைப் பதினொருவரில் சேர்த்துவிட்டு, தன் முக்கிய மட்டையாளரை அந்த ஐவரில் வைத்திருந்து, இலக்கைத் துரத்தும்போது களமிறக்கலாம். முதலில் மட்டை பிடிக்கும் அணி இதையே தலைகீழாகச் செய்யலாம். எனவே பதினொருவரில் பெயர் இல்லையென்று பதறி நீக்கிய வீரரே தொடக்க வீரராக வந்து நிற்கக்கூடும். ஐபிஎல் ஆட்டங்களில் அந்த ஐந்து பெயர்களையும் படியுங்கள். மாற்றாக வருபவருக்குப் புள்ளி உண்டா என்பதையும் உங்கள் தளத்தின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் குழுவின் விஷயம். என்னிடம் வரும் கேள்விகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஒருவர் 800 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, நான்கு வெவ்வேறு கேப்டன்களைப் பரிந்துரைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேப்டன்களில் ஒருவர் நன்றாக ஆடினால், 200 பேருக்குப் பரிந்துரைத்தவர் சொன்னது பலித்துவிடும். அந்த 200 பேரை மீண்டும் நான்காகப் பிரித்தால், அடுத்த ஆட்டத்தின் முடிவில் இரண்டு முறையும் பலித்ததைக் கண்ணால் கண்ட 50 பேர் இருப்பார்கள். பணம் கேட்கப்படுவது அவர்களிடம்தான். ஏமாந்த 750 பேரை அவர்கள் பார்ப்பதேயில்லை. ஆட்டம் முடிந்தபின் பழைய செய்தியைத் திருத்தி, முன்பே சொன்னதுபோல் காட்டுவோரும் உண்டு.

'அணிக்குள் ஆள் இருக்கிறார், பட்டியல் டாஸுக்கு முன்பே தெரியும்' என்று சொல்பவரிடமிருந்து உடனே விலகுங்கள். பந்தயத்துக்குப் பயன்படக்கூடிய உள் தகவலை வீரர்கள் வெளியே சொல்வதை, சர்வதேச கிரிக்கெட்டை நிர்வகிக்கும் ஐசிசியின் ஊழல் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன. ஆகவே அவர் சொல்வது பொய்யென்றால் ஏமாற்று வேலை, மெய்யென்றால் அதைவிடப் பெரிய குற்றம். இப்படிப்பட்ட குழுக்களைப் பற்றிப் புகார் செய்தால் ஒன்று மூடப்படுகிறது, மறுநாளே வேறு பெயரில் இன்னொன்று திறக்கப்படுகிறது. தடுக்க வேண்டியவர்கள் இதைச் சிறு விஷயமாகவே கருதுகிறார்கள்.

'உங்கள் அணியை நாங்களே அமைத்துத் தருகிறோம்' என்று சொல்லி, உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை அவர்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தால், அடுத்த ஆட்டம் வரை காத்திராமல் இன்றே அதை மாற்றிவிடுங்கள்.