துடியாட்டப் பிள்ளையும் பத்தடி ஹோலும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கும் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். மூத்தவனுக்கு நாலரை வயது, இளையவளுக்கு ஒன்றரை. ஹோல் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேயே செற்றியும் சாப்பாட்டு மேசையும். மதியம் முன்பள்ளியால் வந்ததிலிருந்து மகன் செற்றியிலிருந்து குதிக்கிறான், தங்கச்சியை இடித்து விழுத்துகிறான். கீழ் வீட்டுக்காரர் இரண்டு தரம் வந்து முறையிட்டுவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் போனைக் கொடுத்து இருத்தினால், போனைத் திருப்பி வாங்கியதும் முன்னையைவிட மோசமாகத் துள்ளுகிறான். "இணையத்தில் விற்கிற சென்சரி (புலன்களைத் தூண்டும்) விளையாட்டுப் பெட்டிகளை வாங்கலாமா? அம்மம்மா துடியாட்டம் என்கிறார். ரீச்சர் டொக்டரிடம் காட்டச் சொல்கிறார். இவனுக்கு உண்மையில் ஏதும் வருத்தமா?" என்று கேட்கிறார்.

அன்பான சகோதரி,

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். பெட்டியை வாங்க வேண்டாம். அந்தப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் விரல் நுனிக்கான சாமான்கள்: நிற மணல், மினுக்கம், முள்ளுமுள்ளான ரப்பர் பந்து. தொட்டு அளைய அவை நல்லவைதான். ஆனால் செற்றியிலிருந்து குதிக்கிற பிள்ளை தேடுவது வேறு. அவனுடைய உடம்பு பாரம் கேட்கிறது.

ஐம்புலன் என்று பள்ளியில் படித்தோம். அன்றாட வேலைகளையும் விளையாட்டையும் கொண்டே செய்யும் எங்கள் தொழில்வழிச் சிகிச்சைத் துறையில் அவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்ப்போம். ஒன்று உட்காதில் இருக்கும் சமநிலைப் புலன். அங்கே உள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உடம்பு சுழல்கிறதா என்பதை மூளைக்கு அதுதான் அறிவிக்கிறது. மற்றது தசையிலும் மூட்டிலும் இருக்கிற உணர்வு. கண்ணை மூடிக்கொண்டும் சோற்றுக் கவளத்தை நேராக வாய்க்குக் கொண்டுபோகிறோமே, அது இந்தப் புலனால்தான். அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் அயர்ஸ் 1960களிலும் 70களிலும் எழுதியவற்றால்தான் இந்த இரண்டும் பிள்ளைகளின் நடத்தையோடும் படிப்போடும் சேர்த்துப் பேசப்படலாயின. அவர் வழியில் வந்த சிகிச்சைகளைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் நிதானமாகவே கருத்துச் சொன்னது: சான்றுகள் மட்டானவை, மற்றச் சிகிச்சைகளோடு ஒரு பகுதியாகச் செய்யலாம், பெற்றோருக்கு அந்த வரம்பைச் சொல்லிவிட வேண்டும். ஆகவே இது நோய் தீர்க்கும் வித்தை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கனமான ஒன்றைத் தள்ளி, இழுத்து, தூக்கி முடித்த பிள்ளைகளில் அநேகர் அமைதியாவதை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். செலவும் இல்லை.

குதிக்கும்போது காலடியிலிருந்து இடுப்புவரை மூட்டுகள் ஒரேயடியாக அமுக்கப்படுகின்றன. உங்கள் மகன் தேடுவது அந்த அமுக்கத்தை என்றே நினைக்கிறேன். அதையே கீழ் வீட்டுக் கூரை அதிராமல் கொடுக்கலாம்.

கொட்டாஞ்சேனையில் உங்கள் ஹோலைவிடச் சின்ன வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே ஐந்து வயதுப் பையன், அவனுக்குக் கீழே ஒரு தம்பி. உடுப்புக் கூடைக்குள் ஒரு தலையணையைப் போட்டு, தம்பியை அதில் இருத்தி, கூடையின் அடியில் ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டேன். "பஸ்ஸைத் தள்ளு" என்றேன். டைல்ஸ் தரை என்பதால் போர்வை வழுக்கும், ஆனாலும் பத்துப் பதினொரு கிலோ பாரம். பையன் இரண்டு கையையும் கூடை விளிம்பில் ஊன்றி, பின்னங்காலை நீட்டி, தலையைக் குனிந்து தள்ளினான். முதல் தரம் கூடை அசையவில்லை. கால் பெருவிரல்கள் டைல்ஸ் இடுக்கில் மடங்கிப் பிடித்தன. பிறகு மெல்ல நகர்ந்தது. குசினி வாசல் 'கொள்ளுப்பிட்டி', சாமி அறை 'கோட்டை'. ஆறு தரம் போய் வந்ததும் அவனே தரையில் இருந்துவிட்டான், முகமெல்லாம் வேர்வை. தாய் தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகு இருபது நிமிடம் அதே இடத்தில் இருந்து படம் கீறினான். குதி என்றோ குதிக்காதே என்றோ அன்று ஒருவரும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் பயணி தயாராக இருக்கிறாள். அவளுக்கு விருப்பமில்லாத நேரம் ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றுங்கள். கூடை கவிழாதபடி நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இன்னும் சில. சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து "சுவரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளு" என்று பத்து எண்ணும்வரை தள்ளவிடலாம். இடுப்பை உயர்த்திக் கையும் காலும் ஊன்றிக் கரடிபோல நடக்கவிடலாம். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் உடம்பின் பாரம் இறங்கும், பின்னாளில் பென்சில் பிடிக்கும் கைக்கு அது நல்லது. கெந்தி விளையாடத் தரையில் கோடு கீறத் தேவையில்லை, டைல்ஸிலேயே கட்டம் இருக்கிறது. ஒற்றைக் காலில் கெந்துவதை மட்டும் மெத்தை ஓரத்துக்கு மாற்றிவிடுங்கள். குதித்தே ஆகவேண்டுமென்றால் செற்றியிலிருந்து வேண்டாம்; தும்பு மெத்தையைத் தரையில், சுவர் மூலையில் போட்டு, பின்னேரம் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் மட்டும். அந்த நேரத்தைக் கீழ் வீட்டுக்காரரிடம் மகனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் நாள் முழுதும் வேலை செய்த களைப்பு இருக்கும். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று தெரிந்த சத்தத்தைப் பெரும்பாலானோர் பொறுத்துக்கொள்வார்கள்.

சுழற்றுவதில் கவனம். கையைப் பிடித்துச் சுற்றினால் பிள்ளை சிரிக்கும், ஆனால் வேகமான சுழற்சி கிளர்ச்சியைக் கூட்டும்; படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். முகம் வெளிறினாலோ வேர்த்துக் கொட்டினாலோ உடனே நிறுத்துங்கள். ஜன்னல் கிறிலிலோ கதவு நிலையிலோ சேலை கட்டி ஊஞ்சல் போடுகிற வேலையும் வேண்டாம். ஏணை கைக்குழந்தைக்கு உரியது, நாலரை வயதுப் பையன் துள்ளும் பாரத்தை அந்தக் கட்டு தாங்காது. அதோடு பல்கனிப் பக்கம் கதிரை, வாளி, பூச்சாடி எதுவும் இருக்கக்கூடாது. மூன்றாம் மாடி என்பதால் இதைத் திரும்பவும் சொல்கிறேன்: ஏறக்கூடிய எதையும் அங்கே வைக்காதீர்கள்.

தொட்டு அளையும் விளையாட்டுக்கு உங்கள் குசினி போதும். முருங்கையிலை உருவ விடுங்கள். காம்பை ஒரு கையால் பிடித்து, மறு கையின் இரண்டு விரலால் இழுக்கும்போது இலைகள் சரசரவென்று விழுவது பிள்ளைகளுக்கு அப்படியொரு இன்பம். பயற்றங்காயை முறிக்கவிடுங்கள், "டக்" என்ற சத்தத்துக்காகவே அரைக் கிலோவையும் முறிப்பான். பழைய துவாயைத் தண்ணீரில் தோய்த்துப் பிழியவிடுங்கள். சுளகில் கொஞ்சம் அரிசியைப் போட்டுப் புடைத்துக் காட்டுகிற வேலையை அம்மம்மாவிடமே ஒப்படைக்கலாம். சாப்பாட்டுச் சாமானை விளையாடக் கொடுப்பதா என்று அவர் கேட்பார் என்றால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த விலைவாசியில் அரிசியை நிறம் பூசிக் கொட்டுவது எனக்கும் உடன்பாடில்லை. உருவிய முருங்கையிலை இரவு வறையாகிவிடும், அதில் ஒன்றும் வீணில்லை.

மா குழைத்துக் கொடுக்கலாம். இரண்டு கோப்பைக் கோதுமை மா, அரைக் கோப்பை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அளவாக இளஞ்சூட்டுத் தண்ணீர். கையில் ஒட்டாத பதம் வரும்வரை அவனே குழைக்கட்டும். பிறகு மரத்தாலான இடியப்ப உரலில் அதை இட்டு அமுக்கச் சொல்லுங்கள். பித்தளை உரல் வேண்டாம், காலில் விழுந்தால் விரல் போய்விடும். மா இறுகியிருந்தால் அமுக்குவது கடினம், இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முழங்கை நடுங்க நடுங்க அமுக்கி, அடியில் முதல் நூல் வெளியே வரும்போது அவன் முகத்தைப் பாருங்கள். கொழும்புப் புழுக்கத்தில் இந்த மா வெளியில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உப்பு அதிகம் என்பதால் இளையவள் எடுத்துத் தின்னாமல் பார்க்கவேண்டும்.

இளையவளை வைத்துக்கொண்டு செய்யும்போது ஒன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், ஒரு வீட்டில் மூத்த பிள்ளைக்காகக் கொண்டைக்கடலையை ஒரு வாளியில் நிரப்பிக் கையை விட்டு அளையக் கொடுத்தேன். தவழ்ந்து வந்த தங்கச்சி ஒன்றை எடுத்து மூக்குக்குள் விட்டுவிட்டாள். ஒருவரும் காணவில்லை. அது உள்ளே ஊறிப் பெருத்து, அடுத்த நாள் ஆஸ்பத்திரியில்தான் எடுக்கவேண்டி வந்தது. அந்தப் பிள்ளையின் அழுகை இன்றைக்கும் காதில் இருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் கடலை, பயறு, புளியங்கொட்டை, மணி எதையும் விளையாடக் கொடுக்க வேண்டாம் என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துவிடும். பூச்சாடி அலங்காரத்துக்கு என்று விற்பதும் அதே மணிதான்.

தண்ணீர் விளையாட்டுக்குக் குளியலறைத் தரை, ஒரு பேசின், இரண்டு சிரட்டை, ஒரு புனல் போதும். இரண்டு அங்குலத் தண்ணீரிலும் ஒன்றரை வயதுப் பிள்ளை மூழ்கலாம், அதனால் போன் அடித்தாலும் எழுந்து போகாதீர்கள். முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். பல்கனியில் மறந்துபோன ஒரு சிரட்டைத் தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும் என்று கொழும்பில் இருக்கிற ஒருவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எப்போது செய்வது என்பது, என்ன செய்வது என்பதைவிட முக்கியம். பெரும்பாலான வீடுகளில் பிள்ளை கட்டுக்கடங்காமல் போனபிறகுதான் விளையாட்டைத் தேடுகிறோம், அப்போது எதுவும் எடுபடாது. முன்பள்ளியால் வந்ததும் லிஃப்டை விட்டுவிட்டு மூன்று மாடியும் ஏறட்டும். சந்தைக்குப் போனால் இரண்டு தேங்காயை அவன் முதுகுப் பையில் வைத்துவிடுங்கள்; ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம், அவன் எடையில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு. சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் பஸ் தள்ளட்டும். போன் கொடுப்பதென்றால் அதற்கு முன் பத்து நிமிடமும் பின் பத்து நிமிடமும் பாரமான வேலை. போனை வாங்கியபின் துள்ளுவதும் இதனால் குறையும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலசைவோடு இருக்கவேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவாக இருக்கவேண்டும் என்கிறது. திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம். 180 என்றதும் மலைக்காதீர்கள், படி ஏறுவதும் துணி பிழிவதும் அதில் சேரும்.

இரவு படுக்க முன் பாயில் சுருட்டுங்கள். புற்பாயின் ஒரு ஓரத்தில் அவனைக் கிடத்தி, தலையும் கழுத்தும் வெளியே இருக்க, மெல்ல உருட்டி, பாய்க்கு மேலால் தோளிலிருந்து கால்வரை உள்ளங்கையால் அமுக்கிவிடுங்கள். போதும் என்றால் உடனே விரிக்கவேண்டும். சுருட்டியபடி விட்டுவிட்டு அங்கால் போகக்கூடாது. பல பிள்ளைகளுக்கு இது தாலாட்டுப்போல வேலை செய்யும்.

கிழமையில் இரண்டு பின்னேரமாவது வெளியே கூட்டிப்போங்கள். உங்களுக்குக் கடல் நடைதூரம்தான். ஈரமணலில் வெறுங்காலோடு நடப்பதும் வாளியில் மணல் அள்ளித் தூக்குவதும் எந்தப் பெட்டியிலும் கிடைக்காது. தண்டவாளத்தைக் கடக்கும்போது கையை விடாதீர்கள், கடலுக்குள் இறக்காதீர்கள். காலிமுகத்திடலில் காற்று பலமாக இருக்கும் நாளில் பட்டம் ஏற்றி நூலை அவன் கையில் கொடுங்கள், அந்த இழுவையும் நல்ல பாரம்தான். விகாரமகாதேவி பூங்காவில் ஏறி இறங்க விடுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நாலரை வயதுப் பையன் சின்ன வீட்டுக்குள் குதிப்பதை மட்டும் வைத்து நான் வருத்தம் என்று சொல்ல மாட்டேன். வேறு சிலவற்றைப் பாருங்கள். வீட்டில் மட்டுமல்லாமல் முன்பள்ளியிலும் உறவினர் வீட்டிலும் ஆறு மாதத்துக்கு மேலாக இப்படியா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லையா? பேசிய சொற்களை இழந்தானா? எப்போதும் நுனிக்காலில் நடக்கிறானா, அடிக்கடி தடக்கி விழுகிறானா? மிக்ஸி, குக்கர் விசில் போன்ற சாதாரணச் சத்தத்துக்குக் காதைப் பொத்தி அலறுகிறானா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ரீச்சர் சொன்னபடி காட்டுங்கள். அவர் நாளுக்கு இருபது முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறவர், அவர் கண்ணை மதியுங்கள். பொரளையில் உள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அரசாங்கச் செலவிலேயே பார்ப்பார்கள். பிறந்தபோது தந்த சுகாதாரப் பதிவேட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.

போகும் முன் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்குத் துள்ளினான், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான், என்ன சாப்பிட்டான், எதைக் கொடுத்ததும் அடங்கினான். ரீச்சரிடமும் அதே நாட்களுக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் டொக்டருக்கு அந்தக் கொப்பியைவிட உதவியான சாமான் வேறில்லை.