டேப்பை எறிந்துவிட்டு என்னிடம் வராதீர்கள்: டெபாசிட் நகல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான், ஆளுக்கொரு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. எல்லாமே டெபாசிட் நகல் பற்றியவை, அதாவது பதிப்புரிமையைப் பதிவு செய்யவோ, வெளியான படத்தைக் காங்கிரஸ் நூலகத்துக்காகச் சட்டப்படி கட்டாயமாக ஒப்படைக்கவோ அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்குப் படமும் வீடியோவும் அனுப்புவது. போன தடவை சொன்னதையே சிலவற்றில் மறுபடி சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் போன தடவை யாரும் கேட்கவில்லை.

கேள்வி: எங்கள் ஆவணப்படம் 1998ல் விஎச்எஸ் கேசட்டாக மட்டும் விற்பனைக்கு வந்தது. 'பெஸ்ட் எடிஷன்' வேண்டும் என்கிறார்களே, தொழில்முறை டேப்பான பீட்டாகேமுக்கு மாற்றி அனுப்பட்டுமா சார்?

வேண்டாம். பெஸ்ட் எடிஷன் என்றால் உங்களால் தயாரிக்க முடிந்ததில் சிறந்தது என்று அர்த்தமில்லை. டெபாசிட் செய்யும் நாள்வரை அமெரிக்காவில் வெளியான பதிப்புகளில் எது சிறந்ததோ அது, அவ்வளவுதான். வீடியோ வரிசையில் பீட்டாகேம் எஸ்பி, டிஜிபீட்டா, டிவிடி, கடைசியில் விஎச்எஸ் என்று போட்டிருப்பது, வெளியான பல பதிப்புகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான். நீங்கள் வெளியிட்டதே விஎச்எஸ் ஒன்று என்றால் அதுவே உங்கள் பெஸ்ட் எடிஷன். விஎச்எஸ்ஸைப் பீட்டாகேமில் ஏற்றினால் கேசட்தான் பெரிதாகும், படம் தேறாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

கேள்வி: 35 எம்.எம். பிரிண்ட், 16 எம்.எம். பிரிண்ட், டிவிடி மூன்றும் வெளிவந்துவிட்டன. டிவிடி அனுப்பினால் செலவு குறைவு...

குறைவுதான். ஆனால் 35 எம்.எம். அனுப்ப வேண்டும். ஃபிலிம் எப்போதும் வீடியோவுக்கு மேலே. நெகட்டிவ் போன்ற மூலப் பொருளைப் பட்டியலின் உச்சியில் வைத்திருக்கிறார்களே என்று அதைக் கட்டி அனுப்பிவிடாதீர்கள், அது நூலகத்தோடு தனியாகப் பேசி முடிவுசெய்த பிறகு மட்டும்.

கேள்வி: எத்தனை நகல்?

திரைப்படத்துக்கு ஒன்று. கூடவே கதைச்சுருக்கமோ கன்டினியூட்டியோ (காட்சி வரிசைக் குறிப்பு), எழுத்தில் ஒரு விவரணை. புத்தகக்காரர்கள் சொல்லும் 'இரண்டு பிரதி' உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: பிரிண்டில் ஃபிலிமைச் சேர்த்து ஒட்டிய இடம், இரண்டே இரண்டு ஒட்டு இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்லலாம், விதி சொல்லாது. சுத்தமாக, சேதமில்லாமல், ஒட்டு இல்லாமல் இருந்தால்தான் அது முழுமையான நகல். வேறு பிரிண்ட் தேடுங்கள். உண்மையிலேயே கிடைக்கவில்லை என்றால் விதிவிலக்கு கேட்டு எழுத வழி உண்டு. ஒட்டை மறைத்து அனுப்பிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கேள்வி: படம் ஸ்ட்ரீமிங்கில் மட்டும் ஓடுகிறது. எந்த டேப்பில் ஏற்றி அனுப்புவது?

எதிலும் ஏற்ற வேண்டாம். இணையத்தில் மட்டும் உள்ள படத்துக்குக் கட்டாய ஒப்படைப்பில் விலக்கு இருக்கிறது. பதிவு செய்ய விரும்பினால் கோப்பாகவே ஏற்றலாம், ஒரு கோப்பு 500 எம்.பி.க்குள் அடங்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள், படம் 'வெளியானதா' இல்லையா? இதை யோசிக்காமலே பாதிப் பேர் படிவத்தை நிரப்புகிறார்கள். திரையில் காட்டியதோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பியதோ மட்டும் சட்டத்தின் கண்ணில் வெளியீடு ஆகாது. பிரதிகளை விற்றிருக்க வேண்டும், வாடகைக்கு விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் விநியோகத்துக்கென்று பலருக்கு முன்வைத்திருக்க வேண்டும். அப்புறம், 500 எம்.பி.க்குச் சுருக்கிய கோப்பு பதிவுக்கு மட்டும். அது உங்கள் பேக்கப் அல்ல. இதை இன்னொரு தடவையும் சொல்வேன்.

கேள்வி: எண்பது டேப், யூமேட்டிக்கும் பீட்டாகேமும். எல்லாவற்றையும் எம்பி4 ஆக்கிவிட்டோம், நூலகத்திலும் ஒரு நகல் இருக்கிறது. டேப்புகள் இடத்தை அடைக்கின்றன, போட்டுவிடலாம்தானே?

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

டெபாசிட் நகல் உங்கள் பேக்கப் அல்ல. கொடுத்ததும் அது அமெரிக்க அரசின் சொத்து. அதை வைத்துக்கொள்வதும் தள்ளுவதும் அவர்கள் முடிவு. உங்கள் ஹார்ட் டிஸ்க் செத்துப்போன அன்றைக்குக் கேட்டுப் போனால் எடுத்துத் தரும் லாக்கர் இல்லை அது.

அடுத்தது அந்த எம்பி4. யார் மாற்றினார்கள், எப்படி மாற்றினார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. பீட்டாகேம் எஸ்பியில் நான்கு ஒலித்தடங்கள் உண்டு. மூன்றிலும் நான்கிலும் வசனமில்லாத இசையோ வேறு மொழியோ இருந்திருக்கலாம். மாற்றித் தருபவர் பெரும்பாலும் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி டேப்பில் விநாடிக்கு அறுபது ஃபீல்டு, அதாவது அறுபது அரைப்படம் இருக்கிறது. கவனமில்லாமல் டீஇன்டர்லேஸ் செய்தால், அதாவது அரைப்படங்களை முழுப்படமாக்கினால், அசைவில் பாதி போயிற்று. கேப்ஷன் உட்கார்ந்திருக்கும் வீடியோ சிக்னலின் 21வது வரி படத்துக்கு மேலே இருப்பதால் அதை வெட்டியிருப்பார்கள். 4:3 படத்தை 16:9க்கு இழுத்து எல்லோரையும் குண்டாக்கி வைத்திருப்பார்கள், நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இவ்வளவும் நடந்த பிறகு எம்பி4க்காக ஒரு சுருக்கம் வேறு. போனது போனதுதான், டேப் இருந்தால் மட்டுமே மறுபடி எடுக்கலாம்.

பல வருஷத்துக்கு முன் ஒரு தயாரிப்பு நிறுவனம் இப்படித்தான் ஒரு அறை நிறைய மூல டேப்புகளைக் காலி செய்துவிட்டு, டிவிடி-ஆர் அடுக்கு ஒன்றைக் காட்டி 'எல்லாம் இதில் இருக்கு' என்றது. ஐந்தில் ஒரு தட்டு படிக்கவே இல்லை. படித்தவற்றில் கால்வாசிக்கு ஒரு பக்க ஒலி இல்லை. நான் அங்கே போனதே ஒரு படத்தின் சுத்தமான ஒலித்தடத்தைத் தேடித்தான். அது குப்பை வண்டியில் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

டேப் நிரந்தரம் என்று நான் சொல்லவில்லை. காந்தத்தூளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். ஓடவைக்கும் கருவிகள் வேறு அருகிவிட்டன. விஎச்எஸ் பிளேயர் தயாரிப்பும் பீட்டாகேம் கேசட் விற்பனையும் 2016லேயே முடிந்துவிட்டன. காந்த டேப்புகளைக் கருவி இருக்கும்போதே மாற்றிவிடுங்கள் என்று யுனெஸ்கோவும் உலக ஒலி-ஒளிக் காப்பகச் சங்கமும் 2025 என்று கெடு வைத்தே எச்சரித்தன, அந்தக் கெடுவும் வந்துவிட்டது. அதனால் இப்போதே, தெரிந்தவர் கையால், இழப்பில்லாத வடிவில் மாற்றுங்கள். எஃப்எஃப்வி1 மட்ரோஸ்கா, அல்லது எம்எக்ஸ்எஃப்பில் இழப்பில்லாத ஜேபெக்2000. தடம் எத்தனை, ஃபீல்டு வரிசை என்ன, கேப்ஷன் வந்ததா என்று குறித்துவைத்து, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) போட்டு, இரண்டு இடத்தில் வையுங்கள். அதற்குப் பிறகும் டேப்பை எறியாதீர்கள். குளிர்ந்த, உலர்ந்த அறையில் கேசட்டை நிமிர்த்தி வைத்தால் எண்பது டேப் ஒரே ஒரு அலமாரி.

பிசுபிசுத்த டேப்பை வீட்டு ஓவனில் சூடாக்கி 'பேக்' செய்யலாமா என்று இதற்குப் பதில் கடிதம் வரும். கூடாது.

கேள்வி: காங்கிரஸ் நூலகத்தின் பரிந்துரை வடிவங்களில் டிசிபி (தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பொதி), புரோரெஸ் (எடிட்டிங்கில் புழங்கும் வீடியோ வடிவம்) எல்லாம் இருக்கிறது. நீங்கள் இன்னும் விஎச்எஸ், டிவிடி என்று பேசுகிறீர்களே?

இரண்டும் வேறு வேறு காகிதம். நீங்கள் பார்த்தது 2014 முதல் நூலகம் வெளியிடும் பரிந்துரை, எந்த வடிவம் நீண்டநாள் தாங்கும் என்பதற்கு. நான் சொல்வது பெஸ்ட் எடிஷன் விதி. பதிவுக்கு அதைத்தான் பார்ப்பார்கள். பரிந்துரையை உங்கள் சொந்தக் காப்புக்குப் பயன்படுத்துங்கள், நல்ல ஆவணம்தான். டிசிபி வைப்பதானால் பூட்டுப் போடாத டிசிபி. சாவி காலாவதியான டிசிபியை வைத்திருப்பதும் ஒன்று, இரும்புப் பெட்டியைச் சாவியில்லாமல் வைத்திருப்பதும் ஒன்று.

கேள்வி: அனுப்பிய பிரிண்டைத் திருப்பித் தருவார்களா?

அதற்கென்றே ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள், ஆனால் இரண்டு ஆண்டுக்குள் நூலகம் கேட்டால் மறுபடி கொடுக்க வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை. திரைப்படத்துக்குச் சட்டத்தில் தனி வகையே 1912ல்தான் வந்தது. அதற்கு முன்னால் பதிவு செய்தவர்கள் ஃபிரேம் ஃபிரேமாகக் காகிதத்தில் அச்சடித்து, புகைப்படம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தனி வகை வந்ததும் அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடிக்குமே என்ற பயத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டு பிரிண்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, எழுத்துக் காகிதங்களை மட்டும் நூலகம் வைத்துக்கொண்டது. கடைசியில் காகிதச் சுருளில் இருந்த மூவாயிரம் படங்கள் தப்பித்தன. அந்தப் பக்கம், சுமார் 11,000 அமெரிக்க முழுநீள ஊமைப்படங்களில் மூல வடிவில் முழுசாக இருப்பது 14 சதவீதம்தான்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் நைட்ரேட் ரீல்கள். தபாலில் அனுப்பலாமா?

தொடாதீர்கள், அனுப்பாதீர்கள். நைட்ரேட் எரியத் தொடங்கினால் காற்றே இல்லாமலும் எரியும். வர்ஜீனியாவின் கல்பெப்பரில் நூலகம் அதற்கென்று 124 தனி அறைகள் கட்டி வைத்திருப்பது சும்மா இல்லை. முதலில் ஒரு திரைப்படக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: டிவிடியை உறையில் போட்டு அனுப்பினேன். வளைந்து உருகியது மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.

2001ல் ஆந்த்ராக்ஸ் கிருமி வைத்து வந்த கடிதங்களுக்குப் பிறகு அங்கே போகும் தபாலைக் கதிர்வீச்சில் காட்டுகிறார்கள். தட்டும் கேசட்டும் அதில் வெந்துபோகும். உறை வேண்டாம், அட்டைப்பெட்டியில் அனுப்புங்கள் என்று அலுவலகமே எழுதி வைத்திருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

கேள்வி: ஒப்படைக்காவிட்டால் உரிமை போய்விடுமா?

போகாது. வெளியான மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். தராமல் இருந்து, எழுத்தில் கேட்டும் தராவிட்டால் 250 டாலர் வரை அபராதம், நகலின் விலை தனி. வேண்டுமென்றே மறுத்தால் இன்னும் 2,500. கட்டாய ஒப்படைப்பே ஒரு பதிப்பகத்தின் விஷயத்தில் அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2023ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அது கட்டாய ஒப்படைப்பு பற்றியது. பதிவுக்குத் தரும் நகல் வேறு கதை, அதை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

கேள்வி: எந்த ஃபார்மட் பெஸ்ட் சார்?

எதற்கு? பதிவுக்கா, காப்புக்கா? படம் வெளியானதா, எந்தெந்த வடிவில், எந்த ஆண்டு? இதையெல்லாம் எழுதிவிட்டு மறுபடி கேளுங்கள்.