மே மாத இலங்கைப் பயணம்: முதலில் கரையை மாற்றுங்கள்

கேள்வி: பள்ளிக்கூட லீவுக்கு, மே மாதம், இலங்கைக் கடற்கரையில் நாலு நாள் இருந்துவிட்டு வர ஆசை. நாங்கள் இருவர், எட்டு வயது மகன், எழுபதைத் தொட்ட அவன் அப்பத்தா. காரைக்குடியில் ஒரு ஏஜென்ட், பெந்தோட்டையில் ஓட்டலும் தனி வேனும் சேர்த்துப் பேக்கேஜ் சொல்கிறார். பாதிப் பணத்தை இப்போதே கட்டச் சொல்கிறார். அங்கே பஸ், ரயிலிலேயே போய்வர முடியாதா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: முடியும் ஆச்சி. ஆனால் வேனா பஸ்ஸா என்று பார்க்கும் முன் ஊரைப் பாருங்கள். பெந்தோட்டை இருப்பது தென்மேற்குக் கரையில். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் அங்கேதான். செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். பிள்ளையைத் தண்ணீரில் இறக்கப் பயமாக இருக்கும். அந்த மாதங்களில் அங்கே ஓட்டல் வாடகை இறங்குவதற்கும் அதுதான் காரணம். பேக்கேஜ் மலிவாகத் தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே மே மாதத்தில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலைக்குப் போங்கள். ஊரை ஒட்டி உப்புவெளி, அதற்கு வடக்கே நிலாவெளி, இரண்டும் நல்ல மணற்கரைகள். மலைமுனையில் சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில், கொஞ்ச தூரத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. அப்பத்தாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊரில் தமிழே பேசலாம். இது பணத்தில் கணக்குப் பண்ண முடியாத வசதி.

இனி வழி. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. காரைக்குடியில் பஸ் ஏறும்போதே அங்கே நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டால் ஊருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. ஒரு மணி நேரப் பயணம்தான். இறங்கும் இடம் கட்டுநாயக்க, கொழும்புக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து 187ஆம் எண் பஸ் நகருக்குப் போகும். முதல் ராத்திரி கொழும்பிலேயே தங்கிவிடுங்கள். பஸ் நிலையம் இருக்கும் புறக்கோட்டைக்குப் பக்கத்தில்தான் செட்டியார் தெரு, நம் நகரத்தார் கட்டிய கதிர்வேலாயுத சுவாமி கோயில்கள். உங்கள் வீட்டில் யாராவது அந்தக் காலத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் இருந்தால், அந்தத் தெருவில் பத்து நிமிஷம் நிற்பதற்காகவே போகலாம்.

மறுநாள் திருகோணமலைக்கு 49ஆம் எண் பஸ். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக ஆறேழு மணி நேரம் ஆகும். பெரியவருக்கு அது நீளம்தான். முடியாவிட்டால் தம்புள்ளையில் ஒரு ராத்திரி தங்கிப் போங்கள். பஸ் பலகைகளில் தமிழும் எழுதியிருக்கும். ராத்திரி ரயிலும் உண்டு. அதில் படுக்கையோ முன்பதிவு இருக்கையோ கிடைத்தால் மட்டும் ஏறுங்கள். அன்றைக்கு அது ஓடுகிறதா என்று ரயில்வேயிடம் உறுதி செய்யாமல் ஓட்டலுக்குப் பணம் கட்டாதீர்கள். திருகோணமலையிலிருந்து நிலாவெளிப் பக்கம் லோக்கல் பஸ் போகும். மூட்டை முடிச்சோடு போகும் முதல் நாள் மட்டும் ஆட்டோ பிடியுங்கள், பேரம் பேசிவிட்டு. நாலு நாளும் வாசலில் வேன் நிற்க அங்கே என்ன வேலை?

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் பவளப் பாறை பார்க்கலாம். தேசியப் பூங்கா என்பதால் நுழைவுக் கட்டணம், படகு வாடகை இரண்டும் தனித்தனி. இரண்டையும் கூட்டிக் கேட்டுவிட்டு ஏறுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகு வேண்டாம்.

பயண அனுமதிக்கு இலங்கை அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இருக்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகப் பிடுங்கும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும்.

கேள்வி: ஏஜென்ட்டிடமே போவதானால்?

பதில்: விமான எண், ஓட்டல் பெயர், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், இந்த மூன்றும் தாளில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ‘அல்லது அதற்கு இணையான ஓட்டல்’ என்ற வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். கரையோர ஓட்டல் என்று சொல்லிவிட்டு ரோட்டோர ஓட்டலில் இறக்குவதற்கான வாசல் அது. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். அது செலவு அல்ல, உங்கள் பான் கணக்கில் ஏறும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். டிக்கெட்டை ஓரிடத்தில், ஓட்டலை வேறிடத்தில் நீங்களே எடுத்தால் பேக்கேஜ் வரி வராது.

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது. அங்கேயும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.