மேசைப் போனுக்கு எந்த ஹெட்செட்? கேள்விகளும் பதில்களும்

அலுவலகங்களுக்கு மேசைப் போன் பொருத்துவது என் தொழில். ஹெட்செட் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். போனின் மாடல் எண்ணை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். போனைக் கவிழ்த்தால் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

சார், பழைய ஆபீசில் சிஸ்கோ போனில் நன்றாக இருந்த ஹெட்செட், இங்கே அவாயா 9608-ல் ஊமையாகிவிட்டது. பிளக் சரியாகத்தான் உட்காருகிறது. ஹெட்செட் போய்விட்டதா? (திருச்சி)

போகவில்லை. பிளக் ஒன்றுதான், உள்ளே ஒயர் வரிசை வேறு. போனில் மாட்டும் அந்தச் சின்ன பிளக்குக்குப் பெயர் ஆர்ஜே9. அதில் நான்கு முனைகள்: இரண்டு மைக்குக்கு, இரண்டு காதுக்கு. எது எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மைக்குக்குப் போகும் மின்னழுத்தமும் ஒலி அளவும்கூட மாறும். அதனால்தான் அவாயா 1600, 9600 தொடர்களுக்கென்றே ஹெட்செட் கம்பெனியான பிளான்ட்ரானிக்ஸ் எச்ஐஎஸ் என்று தனிக் கேபிள் கொண்டுவந்தது.

ஹெட்செட் ஒயரின் நடுவில் கழற்றி மாட்டும் இணைப்பு, அதாவது க்யூடி, இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கீழ்க் கேபிளை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பிளான்ட்ரானிக்ஸ் க்யூடியும், இன்னொரு ஹெட்செட் கம்பெனியான ஜாப்ராவின் க்யூடியும் ஒன்றோடொன்று சேராது. உங்களுடையது ஜாப்ரா என்றால் ஜிஎன்1200 கேபிளைக் கேளுங்கள். அதில் 8 நிலை சுவிட்ச் உண்டு. ஒருவரோடு பேசிக்கொண்டே தள்ளிப் பார்த்து, இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்கும் இடத்தில் விட்டுவிடலாம்.

சிஸ்கோ 7811. ஹெட்செட் ஓட்டையே காணோம்!

அந்த மாடலில் கிடையாது. 7821-ல் உண்டு.

ரிச்சி தெருவில் யுஎஸ்பி ஹெட்செட்டை ஆர்ஜே9 ஆக்கும் ஒயர் கிடைக்குமா?

வெறும் ஒயரால் அது ஆகாது. யுஎஸ்பி வழியாகப் போவது டிஜிட்டல். ஆர்ஜே9-ல் போவது அனலாக். யுஎஸ்பி ஹெட்செட்தான் வேண்டும் என்றால் யுஎஸ்பி உள்ள போனை வாங்குங்கள். சிஸ்கோ 8851, 8861-ல் இருக்கிறது, 8841-ல் இல்லை.

அண்ணா, கேபிளுக்கு ஏன் காசு? பிளக்கை வெட்டி, ஒயரை மாற்றிப் போட்டு, புது பிளக்கில் அழுத்திப் பொருத்தி கிரிம்ப் பண்ணினால் முடிந்தது. எங்கள் ஆபீசில் நானே செய்தேன். (கோவை)

தம்பி, வரிசை மட்டும்தான் பிரச்சினை என்றால் நீங்கள் சொல்வது நடக்கும். காதுப் பக்கம் இரண்டு முனையும் இடம் மாறினாலும் ஒலி வரும். ஆனால் ஹெட்செட்டில் இருக்கும் எலக்ட்ரெட் வகை மைக்குக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. மாறினால் வேலை செய்யாது. ஒலி அளவு பொருந்தாவிட்டால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

ஒரு வருடமாக ஓடுகிறதே அண்ணா.

ஓடட்டும், சந்தோஷம். ஆனால் பல ஹெட்செட் ஒயர்களில் செம்பு இழை நூலோடு பின்னியிருக்கும். கிரிம்ப் பற்களில் அது உறுதியாக நிற்காது. இழுபட இழுபட விட்டுப்போகும்.

கோவைக்காரரை நம்பாதீர்கள். எங்கள் ஆபீசிலும் ஒருவர் இப்படிச் செய்தார், கஸ்டமர் எல்லோரும் இரைச்சல் என்கிறார்கள். (மதுரை)

அவர் தப்பாக மாட்டியிருப்பார் மேடம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாரா? (கோவை)

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். மேடம், அந்த வெட்டிய ஒயரை ஒதுக்கிவிட்டுச் சரியான கேபிளில் ஒரு நாள் பேசிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் தெரிந்துவிடும். தம்பி, உங்கள் சொந்த ஹெட்செட்டில் செய்யுங்கள். நாற்பது பேர் உட்காரும் இடத்தில் வேண்டாம். அங்கே பழுது வந்தால் வேலை இழப்பது பேசுகிற பிள்ளைகள்.

எந்த ஹெட்செட் பெஸ்ட்?

மாடல் எண்?

வயர்லெஸ் ஹெட்செட்டில், எழுந்து போன இடத்திலிருந்தே அழைப்பை எடுக்க முடியுமா?

முடியும், அதற்கு ஹெட்செட் பட்டனிலிருந்தே போனை எடுக்க வைக்கும் ஈஎச்எஸ் இணைப்பு வேண்டும். யீலிங்க் போன்களில் சில மாடல்களுக்கு ஈஎச்எஸ்36, சிலவற்றுக்கு ஈஎச்எஸ்40. போன் அதற்கு இடம் தராவிட்டால் ரிசீவரைத் தூக்கிக் கொடுக்கும் எச்எல்10 போன்ற கருவி உண்டு; சத்தம் போடும், ஆனால் வேலை நடக்கும். அமெரிக்காவிலிருந்து டெக்ட் என்ற வயர்லெஸ் வகை ஹெட்செட் கொண்டுவரச் சொல்லாதீர்கள். நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும்: அங்கே 1920–1930 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 1880–1900. இங்கே விற்பதையே வாங்குங்கள்.

சார், அவாயாவில் என் ஹெட்செட் கேட்கவில்லை, பிளக் சரியாக…

முதல் பதிலைப் படியுங்கள்.

பானாசோனிக். மாடல் எண் அழிந்துவிட்டது. மொபைல் இயர்போன் உள்ளே போக மாட்டேன் என்கிறது.

பானாசோனிக் மேசைப் போன்கள் பலவற்றில் 2.5 மி.மீ. துளைதான், மொபைல் இயர்போன் 3.5. அழுத்தித் திணிக்க வேண்டாம், துளை உடையும். 2.5 மி.மீ. பிளக் உள்ள டெலிபோன் ஹெட்செட் என்று கேட்டு வாங்குங்கள்.