அம்மா வைத்த நேர்ச்சையை மகள் முடிக்க வேண்டுமா?

கேள்வி: பூதலூர் பக்கம் எங்கள் ஊர். அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. ஃபாதர் வந்து நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) கொடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக அம்மா நேர்ந்திருந்ததும் நிறைவேறவில்லை. செபமாலையை எடுத்தாலே அழுகிறேன். விசுவாசம் இருந்தால் அழக்கூடாது என்கிறார்கள். அம்மா ஆன்மா கரையேறுமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நோயில்பூசுதல் பெறாமல் இறந்தவருக்கு மீட்பில்லை என்று திருச்சபை போதிக்கவே இல்லை. அது உயிரோடிருக்கும் நோயாளிக்கான அருளடையாளம். உயிர் பிரிந்தபின் பூசமாட்டார்கள், செபம்தான் சொல்வார்கள். அது தண்டனையல்ல.

நேர்ச்சையும் அப்படித்தான். செய்தவரை மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1193. அம்மாவோடு அது முடிந்தது. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போக ஆசையிருந்தால், அம்மா மேலுள்ள அன்பினால் போங்கள். கடன் தீர்க்கிறேன் என்று கிளம்பினால், கால் கொப்புளித்துப் பாதியில் பஸ் ஏறினாலும் குற்ற உணர்வு கூடிவிடும்.

அம்மாவுக்காக நீங்கள் செய்யக்கூடியது வேறு இருக்கிறது. போரில் இறந்தவர்களின் பாவம் நீங்க யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே பலி ஒப்புக்கொடுக்கப் பணம் அனுப்பினார். உயிர்த்தெழுதலை நம்பித்தான் அனுப்பினார் (2 மக்கபேயர் 12:43-45). ஆகவே மாதம் ஒரு பூசைக்கு அம்மா பெயரை எழுதிக் கொடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கான பெயரை அக்டோபரிலேயே கொடுத்துவிடுவது நல்லது. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தோருக்காகச் செபித்தால், நாளுக்கு ஒரு பரிபூரண பலனை (பாவத்துக்கான தண்டனையை முழுவதும் நீக்கும் அருளை) அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், பாவப் பற்றை விடுவது ஆகியவை அதற்கு வேண்டும்.

அழக்கூடாது என்பவர்கள் பவுலைத் தப்பாகப் படிக்கிறார்கள். 1 தெசலோனிக்கர் 4:13 துயரப்படாதே என்று சொல்லவில்லை. எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போலத் துயரப்படாதே என்கிறது. யோவான் 11-ஐ முழுதாகப் படியுங்கள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று மார்த்தா ஆண்டவரிடமே குறைப்படுகிறாள். பிறகு மரியாவும் அதையே சொல்கிறாள். உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே என்று இயேசு சொன்னது அப்படிக் குறைப்பட்ட மார்த்தாவிடம்தான். இறந்த அந்தச் சகோதரன் லாசரை எழுப்பத்தான் போகிறார், ஆனாலும் அழுதார். உங்கள் அழுகையில் விசுவாசக் குறைவு எதுவுமில்லை.

செபமாலையில் ஐந்து பத்து மணியும் சொல்ல முடியாவிட்டால் இப்போதைக்கு ஒரு பத்து போதும். முன்னால் திருப்பாடல் 13-ஐ வாய்விட்டுப் படியுங்கள். ஆறே வசனம்: முதல் இரண்டும் முறையீடு, அடுத்த இரண்டும் மன்றாட்டு, கடைசி இரண்டும் நம்பிக்கை. முறையீட்டோடு நாக்கு நின்றுவிடும் நாளில் அதோடு முடியுங்கள். கடைசி வரியை வலிந்து சொன்னால் செபமே கசந்துபோகும். வீட்டில் அம்மா முன்சொல்வது வழக்கமென்றால் அந்தப் பொறுப்பை உடனே ஏற்காதீர்கள். சித்தியோ அண்ணனோ முன்சொல்லட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அம்மாவோடு போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.