மழை ஈரத்துக்குச் சிலிக்கன் பூசலாமா?

கேள்வி: பெற்றோல் செட் ஒன்றில் வயரிங் வேலை பார்க்கிறேன். பம்புக்குள் இருக்கும் கனத்த இரும்புப் பெட்டியின் மூடிக்கு ரப்பரே கிடையாது. மழைக்காலத்தில் உள்ளே ஈரம் பிடிக்கிறது. பெற்றோல் ஆவியும் புகுந்துவிடும் என்று முதலாளி மூடியைச் சுற்றிச் சிலிக்கன் பூசச் சொல்கிறார். மூடியில் இரண்டு போல்ட்டும் இல்லை. பூசலாமா?
- ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: பூசவே பூசாதீர்கள் தம்பி.

நீங்கள் சொல்வது ஃபிளேம்புரூஃப் பெட்டி. லேபிளில் 'எக்ஸ் டி' (Ex d) என்று இருக்கும். ஆவி உள்ளே போகத்தான் செய்யும், அதைத் தடுப்பது இந்தப் பெட்டியின் வேலை இல்லை. உள்ளே போன ஆவி சுவிட்ச் பொறியில் பற்றி வெடித்தாலும் பெட்டியின் சுவர் தாங்கும். வெடித்த நெருப்பு மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடுக்கில் நெருக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். அப்படி வரும்போது இரண்டு பக்க உலோகமும் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் வெளியே நிற்கும் ஆவி பற்றாது.

சிலிக்கன் அந்த இடுக்கில் இறுகினால் மூடி சரியாக உட்காராது. அடுத்த முறை திறப்பவர் ஸ்குரூட்ரைவரால் சுரண்டுவார், மூடியும் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தும் உலோக முகத்தில் கீறல் விழும். அப்படிக் கீறி, துரு குழி விழுந்த மூடிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். போல்ட் இல்லாத இடமோ இன்னும் மோசம். வெடித்த அழுத்தம் மூடியை அங்கே தூக்கிவிடும், நெருப்பு ஆறாமலே வெளியே பாயும். ஹார்ட்வெயார் கடையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவும் பலமும் உள்ளதுதான் வேண்டும்.

சரி, ஈரத்துக்கு என்ன செய்வது? மெயினை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டுத் திறவுங்கள். முகங்களைத் துணியால் துடையுங்கள். அரமும் எமரித் தாளும் வேண்டாம். தயாரிப்பாளர் அனுமதித்த, இறுகாத கிரீஸை மெல்லியதாகத் தடவலாம். அப்புறம் கேபிள் நுழையும் கிளாண்டைப் பாருங்கள், பெரும்பாலும் தண்ணீர் இறங்குவது அங்கேதான். அதுவும் ஃபிளேம்புரூஃப் வகையாக இருக்கவேண்டும், குறைந்தது 5 திருகுப் புரியாவது பிடித்திருக்கவேண்டும். வெறும் துளைக்கு டேப் ஒட்டியிருந்தால், அதற்கென்றே செய்த அடைப்பானைப் போடுங்கள். தண்ணீர் வடியட்டும் என்று நீங்களாகத் துளை போட்டால் அந்தப் பெட்டியைக் கழற்றிப் போட வேண்டியதுதான்.

புதுப் பெட்டி வாங்கினால் லேபிளில் 'டி 3' (T3) அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'டி 3' என்றால் மேற்பரப்புச் சூடு 200 பாகையைத் தாண்டாது. பெற்றோலுக்கு அது போதும்.

தேயிலை பெக்டரியில் வேலை செய்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தூள் சலிக்கும் இடத்தில் கதை நேர்மாறு. அங்கே தூசு பெட்டிக்குள் போகவே கூடாது, மூடிக்கு நல்ல ரப்பர் கட்டாயம். மோட்டர்மேல் படியும் தூளையும் அடிக்கடி துடைக்கவேண்டும்.

உங்கள் முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அந்த இரண்டு போல்ட்டும் வந்து சேரும்வரை அந்த பம்புக்குக் கரண்ட் கொடுக்க வேண்டாம்.