சீல் வேட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆர்க்டிக் பனிப்பகுதியில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். காய்கறியே விளையாத ஊரில் வெறும் இறைச்சியைத் தின்று எப்படி நோயில்லாமல் இருந்தார்கள்? அப்புறம், கடைகள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் சீல்களை, அதாவது கடல்நாய்களை, கொல்லத்தான் வேண்டுமா? நான் சைவம். மனம் ஒப்பவில்லை.

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

அவர்கள் வெறும் சதையை மட்டும் தின்றவர்கள் இல்லை. கொழுப்பு, ஈரல், தோல் எல்லாம் சேர்ந்ததுதான் சாப்பாடு. நார்வால், பெலுகா திமிங்கிலங்களின் தோலைக் கொழுப்போடு சேர்த்து வெட்டிப் பச்சையாகவே மெல்வார்கள். மக்தாக் என்பார்கள். அதில் வைட்டமின் சி நன்றாகவே இருக்கிறது. பச்சையாகத் தின்பதால் அது சூட்டில் அழிவதில்லை. 1928இல் ஸ்டெபான்சன் என்ற ஆர்க்டிக் பயணி, நியூயார்க் பெல்வியூ மருத்துவமனை மருத்துவர்களின் கண்காணிப்பில் இறைச்சி உணவைத் தொடங்கி, ஓராண்டு அதிலேயே இருந்தார். வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் வரவில்லை. தொடக்கத்தில் கொழுப்பில்லாத சதையை மட்டும் கொடுத்தபோதுதான் சில நாட்களிலேயே படுத்துவிட்டார். கொழுப்பு சேர்த்ததும் தேறினார்.

வேட்டைக்கு வருகிறேன். கடல் உறைந்த பிறகும் சீல் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அதற்காகப் பனிக்கட்டியில் பல துளைகளை நகத்தால் சுரண்டித் திறந்தே வைத்திருக்கும். மேலே வெண்பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நாய்தான் மோப்பம் பிடித்துக் காட்டும். வேடன் துளைக்குள் ஒரு மெல்லிய எலும்புக் குச்சியைச் செருகிவிட்டு அசையாமல் நிற்பான். கடுங்குளிரில், சில சமயம் மணிக்கணக்காக. குச்சி அசைந்தால் எறியீட்டி பாயும். பிடிபட்ட சீலின் வாயில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விடுவது பல இடங்களில் வழக்கம். கடலில் வாழ்ந்தது தாகத்தோடு போகக் கூடாது என்பார்கள். இனுயிட்களில் நெட்சிலிக் பிரிவினரிடம் சீலின் ஒவ்வொரு பாகமும் யாருக்கு என்ற முறையே இருந்தது. அந்தப் பங்காளி உறவு ஆயுளுக்கும் தொடரும்.

சரி, கடைகள். கனடாவின் நுனாவுட்டில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. கோடையில் கப்பல் வரும், மற்றபடி விமானம்தான். தக்காளியின் விலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சீல் தோலை விற்ற காசில்தான் பனிவண்டிக்குப் பெட்ரோலும் துப்பாக்கிக்குத் தோட்டாவும் வாங்கினார்கள். 1983இல் ஐரோப்பா சீல் குட்டித் தோலின் இறக்குமதியைத் தடுத்தது. இனுயிட் வேட்டையாடியது பெரும்பாலும் வேறு இனத்தை, அதிலும் வளர்ந்தவற்றை. ஆனாலும் சந்தை மொத்தமாகச் சரிந்தது. தோல் விலைபோகாததால் வேட்டைக்குப் போகப் பணமில்லை; வீட்டுக்கு இறைச்சியும் குறைந்தது. 2009இல் ஐரோப்பா சீல் பொருட்களுக்குக் கொண்டுவந்த தடையில் அவர்களுக்கு விலக்கு இருந்தும் பெரிய பயன் இல்லை. சீல் வேட்டைக்கு எதிராகப் பிரசாரம் செய்த கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பே 2014இல் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

உங்கள் சைவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது நெல்லும் கீரையும் விளையும் மண்ணில் நீங்கள் எடுத்த முடிவு. அந்தப் பனியில் இருப்பவர்களிடம் அதையே கேட்பது நியாயமில்லை என்றுதான் உறுதியாக நினைக்கிறேன்.